முந்திரித் தோப்பில் ஸ்பானிஷ் வகுப்பு

போன வாரம் புது ஸ்பானிஷ் ஆசிரியர்களான உங்கள் வகுப்பறைக்கு வந்து பார்த்தேன். சுவர் முழுக்க வண்ணப் படங்கள். ஆப்பிளுக்கு ஸ்பானிஷ், குதிரைக்கு ஸ்பானிஷ், பனியில் செய்த பொம்மைக்கும் ஸ்பானிஷ். புதுக்கோட்டையில் எந்தப் பிள்ளை பனியைப் பார்த்திருக்கிறது என்று கேட்டேன். ஒரு பெண் சிரித்தாள். மற்றவர்கள் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டீர்கள். கிளம்பும்போது, பிள்ளைகளுக்கு ஆக்டிவிட்டி யோசனைகள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள்.

யோசனை உங்களிடம் என்னைவிட அதிகமாகவே இருக்கிறது. அதில் ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே கையை மீறிப் போனால் என்ன செய்வது என்பதைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். பயிற்சியில் அது கிடையாது. அதனால் அதை எழுதுகிறேன். படிக்க நன்றாக இருக்காது. எனக்கு எழுதவும் நன்றாக இல்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. நான் ஸ்பானிஷ் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. கணவருக்கு மெக்சிகோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே இருந்த வருடங்களில் காய்கறிக் கடையிலும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரியிலும், தண்ணீர் வராத நாட்களில் பக்கத்து வீட்டிலும் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பியபோது, இங்கே ஒரு பள்ளியில் மூன்றாம் மொழியாக ஸ்பானிஷ் வைக்கிறார்கள், ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

எங்கள் வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள். பெற்றோரின் ஆசைக்காக வருபவர்கள் ஒரு வகை. அவர்கள் கற்றாலும் கற்காவிட்டாலும் உலகம் ஒன்றும் ஆகிவிடாது. இன்னொரு வகை, அப்பா ஸ்பெயினில் வேலை பார்க்கிற பிள்ளைகள். விசா வந்ததும் அம்மாவோடு விமானம் ஏறி, இறங்கிய சில நாட்களிலேயே அங்கே பள்ளிக்கூடத்தில் போய் உட்கார வேண்டியவர்கள். சுற்றிலும் ஒரு வார்த்தை புரியாது. இவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம் இருக்கும். அந்தப் பயம் உங்களுக்கும் இருக்கவேண்டும். இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள்.

யாழினி இரண்டாவது வகை. எட்டு வயது. அவள் அண்ணன் முகிலனுக்குப் பதினைந்து. அப்பா ஸ்பெயினில் ஒரு ஓட்டலில் சமையல்காரர். அம்மா ராணி கீரமங்கலத்துக்காரர், பிள்ளைகளின் படிப்புக்காகப் புதுக்கோட்டையில் வாடகைக்கு இருந்தார். பேப்பர் எல்லாம் தயாராகி, பள்ளி விடுமுறை தொடங்கியதும் கிளம்புவதாக இருந்தது.

முகிலனுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. அந்த வயசுப் பையனிடம் படத்தைக் காட்டி 'இது என்ன' என்று கேட்டால் உங்களைக் கேவலமாகப் பார்ப்பான். அவனிடம் ஒரு கால்பந்து மேட்சைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டி, நீ கமெண்டரி சொல்லு என்றேன். இருக்கிற பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். யாழினி அப்படி இல்லை. அதிகம் பேசமாட்டாள். தோசை வார்க்கிற வகுப்பில் மாவு, உப்பு, சூடு என்று எல்லாம் கேட்டுக்கொள்வாள், கையால் சரியாகச் செய்வாள், வாயைத் திறக்கமாட்டாள். நானும் அவசரப்படுத்தவில்லை. காதில் போவது ஒரு நாள் வாயில் வரும்.

அந்த வருடம்தான் ஓர் இளைஞர் எங்களோடு சேர்ந்தார். சென்னையில் முறையாகப் படித்தவர். உச்சரிப்பு என்னைவிடச் சுத்தம். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். ஓடுவார், ஆடுவார், பாடுவார். பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன்.

அந்தத் தம்பி ஓர் அட்டை கொண்டுவந்தார். நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டுகிற அட்டை. அதில் ஸ்பானிஷில் எழுதியிருக்கும், 'நான் தமிழ் பேசுகிறேன்' என்று. வகுப்பு நேரத்தில் தமிழ் பேசிய பிள்ளையின் கழுத்தில் அது ஏறும். அந்தப் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு, அடுத்து யார் தமிழில் பேசுகிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்கு மாற்றிவிட வேண்டும். கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளை திங்கள்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதோடு நிற்க வேண்டும்.

இது அவர் கண்டுபிடித்தது இல்லை. நம் ஊர் இங்கிலீஷ் மீடியப் பள்ளிகளில் பழைய வழக்கம். அவர் படித்த பள்ளியில் அவர் கழுத்திலும் தொங்கியிருக்கிறது. தான் வாங்கியதையே கொடுத்தார். நான் கூடாது என்றேன். பிரின்சிபால் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "பேரன்ட்ஸுக்குப் பிடிச்சிருக்குங்க டீச்சர், ரிசல்ட் தெரியுதுன்றாங்க" என்று முடித்துவிட்டார். என் வகுப்புக்குள் அட்டை வராது, தம்பி வகுப்பில் அவர் இஷ்டம் என்று முடிவானது. இரண்டு வகுப்பும் சேர்ந்து வெளியே போனால் என்ன என்று யாரும் பேசவில்லை.

அப்படித்தான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குப் போனோம். பழம் பழுக்கிற பருவம். தோப்புக்காரர் எங்கள் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளைக்குத் தாய்மாமன். பழம் பொறுக்குவது, நிறம் பிரிப்பது, எண்ணுவது, மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைப்பது, சோறு வேகும்வரை கண்ணாமூச்சி. எல்லாம் ஸ்பானிஷில். ராணியும் இன்னும் இரண்டு தாய்மார்களும் சமையலுக்கு வந்திருந்தார்கள்.

வேனில் போகும்போதே அட்டை ஓட ஆரம்பித்துவிட்டது. நான் முன் சீட்டில் இருந்தேன். யாழினி அண்ணனிடம் தண்ணீர் கேட்டிருக்கிறாள், தமிழில். அப்போது அட்டை முகிலன் கழுத்தில். கழற்றித் தங்கச்சி கழுத்தில் மாட்டிவிட்டான். பின்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். இறங்கும்போதுதான் பார்த்தேன். அந்தப் பிள்ளை அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இறங்கியது.

முந்திரித் தோப்பைப் பார்த்திருக்கிறீர்களா? தரையைத் தொடும் அளவுக்குக் கிளை தாழ்ந்திருக்கும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே தெரியாது. கண்ணாமூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, அதைவிட மோசமான இடமும் கிடையாது. விளையாட்டுக்கு முன்னால் எல்லையைக் காட்டினேன். இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் வண்டிப் பாதை, தாண்டக்கூடாது. பக்கத்துத் தோப்பில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருப்பதைத் தோப்புக்காரர் காலையிலேயே சொல்லியிருந்தார். அதைத் தமிழில், சத்தமாக, எல்லாருக்கும் சொன்னேன். தம்பி முகம் சுளித்தார். சுளிக்கட்டும் என்று இருந்தேன்.

விளையாட்டு முடிந்து ஆள் எண்ணியபோது ஒன்று குறைந்தது.

யாழினி என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பதில் இல்லை. முதலில் பயம் வரவில்லை, நன்றாக ஒளிந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. இரண்டாவது தடவை கூப்பிட்டு, கிளைகளைத் தூக்கிப் பார்த்து, அப்புறமும் பதில் இல்லாதபோது கிணறு நினைவுக்கு வந்தது. ராணி கரண்டியோடு எழுந்து நின்றார். "எங்கிட்டாச்சும் ஒளிஞ்சிருக்கும் டீச்சர்" என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. அடுத்த நிமிடம் கரண்டியைப் போட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் ஓடினார். முகிலன் அவருக்கு முன்னால் ஓடிவிட்டான்.

தோப்புக்காரரையும் வேன் டிரைவரையும் கிணற்றுக்கு அனுப்பினேன். மற்றத் தாய்மார்களிடம், பிள்ளைகள் ஒருவர்கூட இந்த மரத்தடியை விட்டு நகரக்கூடாது என்று சொல்லி நிறுத்தினேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைத் தேடும்போது இன்னொரு பிள்ளையைத் தொலைப்பதுதான் வழக்கமாக நடப்பது.

தம்பி தோப்புக்குள் ஓடி ஓடி ஸ்பானிஷில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டு முடிந்தது, எல்லாரும் வரலாம் என்று அந்த மொழியில் ஒரு கூவல் உண்டு. அதைக் கத்தினார். என்னிடம் மூச்சு வாங்க வந்து, "தமிழ்ல கூப்பிட்டா வரக்கூடாதுன்னு ரூல் மேடம், அதான் வரமாட்டேங்குறா, எல்லாரையும் ஸ்பானிஷ்ல கூப்பிடச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத் தெரிந்தது. கூப்பிடச் சொன்னேன். சமையலுக்கு வந்த தாய்மார்கள்கூட அந்தக் கூவலைத் தப்பும் தவறுமாகக் கத்தினார்கள். யாழினி வரவில்லை.

கிணற்றுப் பக்கத்திலிருந்து டிரைவரின் குரல் கேட்டது. தண்ணீர் கலங்காமல் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஆழம் தெரியாது, ஆளை இறக்கவா என்று கேட்டார். ராணி கிணற்று ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. ஓரத்துப் புல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டியது. கத்துவது வேலை செய்வதுபோல இருக்கும். ஓடுவதும் அப்படித்தான். எல்லாரையும் நிறுத்தச் சொன்னேன். சத்தம் நின்றதும் மரத்தடியில் இருந்த பிள்ளைகளிடம் போனேன். யாழினியைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டேன்.

இருபது பிள்ளைகள். எல்லாருக்கும் வாய் இருக்கிறது. ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தார்கள். தெரிந்ததைச் சொல்லவேண்டும் என்றால் தமிழில்தான் சொல்லமுடியும். அட்டை யாழினியோடு போயிருந்தாலும், தம்பியின் பையில் இன்னொன்று உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

"இன்னைக்கு அட்டை கெடையாது. இனிமே என்னைக்கும் கெடையாது. எல்லாரும் தமிழ்ல பேசுங்க, இப்பவே பேசுங்க" என்றேன்.

அணை உடைந்ததுபோல எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு குட்டிப் பெண் முன்னால் வந்தாள். "டீச்சர், யாழினி பழத்தோட சேத்துக் கொட்டையையும் கடிச்சுட்டா. வாயெல்லாம் எரியுதுன்னு கையக் கையக் காட்டுனா. சார்ட்ட போனா."

உங்களில் வெளியூர்க்காரர்கள் இருப்பீர்கள். முந்திரிப் பழத்தின் அடியில் தொங்குகிற பச்சைக் கொட்டையின் தோலில் ஓர் எண்ணெய் உண்டு. பட்ட இடம் வெந்துபோகும். தோப்புக்காரப் பிள்ளைகள் யாரும் அதை வாயில் வைக்காது. யாழினி டவுனில் வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்த முந்திரி பாயசத்தில் இருப்பது. கொட்டையைத் தொடாதே என்று அங்கே யாரும் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். தோப்புக்காரர் தம்பியிடம் சொன்னார். தம்பி அதைப் பிள்ளைகளுக்கு அழகான ஸ்பானிஷில் மொழிபெயர்த்தார். அவளுக்குப் புரியவில்லை.

தம்பியிடம் திரும்பினேன். யாழினி உங்களிடம் வந்தாளா, என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சொன்னார். "ஆக்வான்னு சொன்னா மேடம். கரெக்டா சொன்னா. மொதத் தடவையா அவளா வாயத் திறந்து சொன்னது. நான் சந்தோஷப்பட்டு வெரி குட்னு சொல்லி பாட்டிலக் குடுத்தேன்."

ஆக்வா என்றால் தண்ணீர். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகளில் எரிச்சலுக்குப் பக்கத்தில் வரக்கூடியது அது ஒன்றுதான்.

"அப்பறம்?"

"குடிச்சா. குடிச்சிட்டும் நின்னா. என்னமோ தமிழ்ல சொல்ல வந்தா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

அவர் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பிறகு அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டார், அட்டை தொங்குகிற இடத்தை.

எனக்குக் கை பரபரத்தது. அடிக்கவில்லை. நல்ல மனசினால் இல்லை. அடித்திருந்தால் அந்த ஆள் வாய் அடைத்துப்போயிருக்கும். எனக்கு அப்போது அவர் வாய் வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டேன். ரோட்டுப் பக்கம் என்று கை காட்டினார், திரும்பி வந்து ஒளிந்திருப்பாள் என்று நினைத்தாராம். ரோட்டுப் பக்கம் என்றால் எல்லைக்கு வெளியே. அவள் ஒளியவே இல்லை. விளையாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே போய்விட்டாள். நாங்கள் எல்லாரும் அவள் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று கிளைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வழியாகத்தான் தஞ்சாவூர் பஸ்கள் பறக்கும். நான் அன்றைக்கு ஓடியதுபோல அதற்கு முன்பும் பின்பும் ஓடியதில்லை. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ரோட்டில் ஏறியதும் இரண்டு பக்கமும் பார்த்தேன். கூட்டம் கூடியிருக்கிறதா, பஸ் ஏதாவது நின்றிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லை. கொஞ்சம் தள்ளிப் புகை தெரிந்தது. முந்திரிக் கொட்டையைத் தகரத்தில் போட்டு வறுத்து, உடைத்து, ரோட்டோரமே விற்கிற கீற்றுக் கொட்டகை.

உள்ளே மூன்று பெண்கள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மடியில் யாழினி சாய்ந்திருந்தாள். உதடு இரண்டும் வீங்கி, முகவாய் சிவந்து, ஒரு கண் இமை புடைத்திருந்தது. வாயைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் பளபளத்தது.

மடியில் வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார். "நீங்கதான் கூட்டியாந்தவுகளா? ஊமப் புள்ளய இப்படியா தனியா விடுவாக? ரோட்டக் கடக்குது, லாரி வருது, நான் ஓடிப்போயி இழுத்தாந்தேன். பேரு கேட்டாச் சொல்லல. ஊரு கேட்டாச் சொல்லல. கழுத்துல விலாசம் இருக்கேன்னு பாத்தா, அது என்னா எழுத்துன்னே வெளங்கல."

அட்டையைத் தூக்கி என்னிடம் காட்டினார். 'நான் தமிழ் பேசுகிறேன்.'

அந்தப் பெண்களிடமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் வெந்து, கண் எரிந்து, லாரிக்கு முன்னால் நின்று, எண்ணெய் தடவிய மடியில் படுத்துக்கொண்டும் பேசவில்லை. பேசினால் திங்கள்கிழமை எல்லார் முன்னாலும் நிற்கவேண்டும். அம்மாவிடம் போகாததும் அதனால்தான். பிள்ளைகள் நாம் வைக்கிற விதியை நாம் நினைப்பதைவிட அதிகமாக நம்புகிறார்கள். இதை எங்காவது பெரிதாக எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பனிப் பொம்மைக்குப் பதிலாக.

நூலைப் பிய்த்து அட்டையை எடுத்தேன். வறுக்கிற அடுப்பில் போட்டேன். "பேசு ஆத்தா, இப்ப பேசு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பேசவில்லை.

ராணி ஓடிவந்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டார். முகிலன் அம்மாவுக்குப் பின்னால் நின்று, "நான்தாம்மா அட்டைய அவளுக்கு மாட்டுனேன்" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவிவிட்டார்கள். எண்ணெய்க் கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறாள், இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, ராணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பார்வைக்கு ஒன்றும் இல்லை, உதடு ஆற நாளாகும் என்றார்.

உதடு ஆறியது. பேச்சு வரவில்லை.

வீட்டில் அம்மாவோடு ஓரிரு வார்த்தை, அதுவும் காதுக்குள். வெளியே ஒன்றும் இல்லை. அப்பா வீடியோ காலில் வந்து கெஞ்சினாராம். செல்போனைத் திருப்பிவைத்துவிட்டுப் போய்விட்டாளாம். ராணி பள்ளிக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "தமிழே பேச மாட்டேங்குது டீச்சர். இத அங்கிட்டுக் கூட்டிட்டுப் போயி நான் என்ன செய்ய? அங்க என்னமாச்சும் ஆச்சுன்னா யார்ட்ட சொல்லும்?" என்று கேட்டார். டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அந்தக் குடும்பம் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்கள் குறைவு. அது எல்லாம் இப்போது அந்தப் பிள்ளையின் வாயில் நின்றது.

பிரின்சிபால் அறையில் என்ன நடந்தது என்று விவரிக்கமாட்டேன். அட்டை ஒழிந்தது. பெற்றோர் கேட்டார்களே என்று அவர் இழுத்தபோது, ராணியும் பெற்றோர்தான், கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த வகுப்பில் நான் ஸ்பானிஷ் நடத்தவில்லை. பிள்ளைகளிடம் சொன்னேன், என் வகுப்பில் வலித்தாலோ, பயமாக இருந்தாலோ, ஒண்ணுக்கு வந்தாலோ, தமிழில் கத்தவேண்டும், இன்றைக்கு அதற்குத்தான் பயிற்சி என்று. முதலில் சிரித்தார்கள். ஒவ்வொருவராகக் கத்தச் சொன்னேன். வலிக்குது, எரியுது, யாராச்சும் வாங்க. மெல்லச் சொன்னவர்களை வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தி, எனக்குக் கேட்கும்வரை கத்தச் சொன்னேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை என்ன ஆயிற்று என்று ஓடிவந்தார். பாஸ் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஆள் ஓடிவந்துவிட்டாரே.

யாழினி கத்தவில்லை. ஆனால் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மருந்துக்கடை விளையாட்டு. வீட்டிலிருந்து காலி மாத்திரை அட்டைகள், தைலப் பாட்டில்கள் எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். யாழினிதான் கடைக்காரி. கடைக்காரி பேசவேண்டாம், வருகிறவர்தான் எங்கே வலிக்கிறது என்று சொல்லவேண்டும். 'மே துயேலே' என்றால் எனக்கு வலிக்கிறது. தலை, பல், வயிறு, காது. கேட்டதற்கு அவள் மருந்து எடுத்துத் தருவாள். வாய் திறக்காமலே எல்லா வலியின் பெயரும் அவள் காதில் விழுந்தது. இதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆக்டிவிட்டி கேட்டீர்களே. ஆனால் நான் பட்டதுபோலப் பட்ட பிறகு எடுக்காதீர்கள். முதல் வாரத்திலேயே எடுங்கள். குதிரை அப்புறம் வரட்டும்.

தம்பியும் வாடிக்கையாளராக வரிசையில் நின்றார். நான் சொல்லவில்லை, அவராக நின்றார். அவர் முறை வந்தபோது யாழினி அவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். "எனக்கு நெஞ்சு வலிக்குது யாழினி." அவள் தைலப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஒரு நாள் முகிலன் வந்தான். பெரிய பையன், நொண்டி நொண்டி, கமெண்டரி போடுகிற குரலில், கால் வலிக்கிறது, முழங்கால் வலிக்கிறது, ஒரு முடிகூட விடாமல் வலிக்கிறது என்று ஸ்பானிஷில் அடுக்கினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மாத்திரையை எடுக்கக் கையை நீட்டி, நிறுத்தினாள்.

"பொய்யி. ஒனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றாள்.

தமிழில். நன்றாகக் கேட்கும்படி. முகிலன் அப்படியே நின்றுவிட்டான். நான் கைதட்டவில்லை, யாரையும் தட்டவிடவும் இல்லை. அடுத்த வாடிக்கையாளர் வரலாம் என்றேன்.

டிக்கெட் ரத்தாகவில்லை. கிளம்புகிற நாளில் ராணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதற்குள் யாழினிக்கு ஸ்பானிஷில் சில வாக்கியங்கள் வந்திருந்தன. போதாது. எனக்குத் தெரியும் போதாது என்று. ராணிக்கும் தெரியும். ஆனாலும் ஆட்டோ ஏறிப் போனார்கள்.

பல நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. செல்போன் அடித்தால் ராணியா என்று ஓடுவேன். கடைசியில் ராணி கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், பாப்பாவுக்குக் கை ஒடிந்துவிட்டது என்றார். பள்ளி மைதானத்தில் ஏறி விளையாடுகிற கம்பியிலிருந்து விழுந்திருக்கிறாள். மூலையில், யாரும் பார்க்காத பக்கம்.

பிறகு என்ன ஆயிற்று, ஸ்பானிஷில் சொன்னாளா என்று கேட்டேன். மருந்துக்கடையில் கையும் இருந்தது. கை வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"அது எல்லாம் மறந்துருச்சாம் டீச்சர்" என்றார் ராணி. "தமிழ்லதான் கத்தியிருக்கு. 'டீச்சர், கை வலிக்குது, வாங்க'ன்னு. ஊரே கேக்குற மாதிரி கத்தியிருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஒரு எழுத்து வெளங்கல. ஆனா ஓடியாந்துட்டாக."

சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. யாழினியிடம் செல்போனைக் கொடுத்தார். மாவுக்கட்டு கனமாக இருக்கிறது, குளிக்க முடியவில்லை, இந்த ஊர்ச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று எதையெதையோ பேசிக்கொண்டே போனாள். நான் நிறுத்தவில்லை.

தம்பி இன்றும் அதே பள்ளியில் இருக்கிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான். என் பேரைப் போட்டே எழுதுங்கள் என்றார். போடவில்லை. உங்களில் யார் பையிலாவது அந்த அட்டை இருக்கலாம். இருந்தால் நாளைக்கு வகுப்புக்குப் போவதற்கு முன்னால் கிழித்துப் போட்டுவிட்டுப் போங்கள்.